கை வைக்காததற்கு ஒரு விருது

"அந்தப் பக்கம் காலே வைக்காதீங்கன்னு சொல்றேன், நீங்க பாட்டுக்கு..."

"கால் வைக்காம எப்படிடி கை வைக்கிறது?"

"அதைத்தான் சொல்றேன். காலும் வேண்டாம், கையும்..."

"நாளைக்குக் கமிட்டி வருது! நாலு பெரிய மனுஷங்க நடக்கிற இடம் எருமை புரண்ட மாதிரி கிடக்குது!"

"அப்படிக் கிடக்கறதுக்குத்தாங்க விருதே குடுக்கறாங்க!"

மனைவியிடம் தோற்றுப்போன ஸ்பேனர்காரர் பலகைகளை எண்ண ஆரம்பித்தார். முப்பது வருட தாம்பத்தியத்தில் இது அவருக்குப் புதிதல்ல.

அவர் விவசாயி. நிலம் உண்டு, இரண்டு மாடு உண்டு, டிராக்டர் உண்டு. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்துக்கொள்வார்கள். அவர் ஸ்பேனர் வைத்திருப்பார். அதனால் சுற்றுவட்டாரத்தில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை, ஸ்பேனர்காரர் என்றே சொல்வார்கள். எதைப் பார்த்தாலும் அவருக்கு அதைத் திருத்த வேண்டும். ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்தால்கூட, "இன்னும் கொஞ்சம் நல்லா ஓடலாமே" என்று தோன்றும்.

தொழுவத்துக்குத் தானாகத் திறக்கும் கதவு ஒன்று செய்தார். மாடு வெளியே இருக்கும்போது அருமையாகத் திறந்தது. மாடு உள்ளே போனதும் பூட்டிக்கொண்டது. ஒரு வாரம் ஜன்னல் வழியாக ஏறிக் குதித்துத்தான் அவர் மனைவி பால் கறந்தாள். பிறகு மேல்குட்டையில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் நிற்கட்டுமே என்று ஆழப்படுத்தினார். தோண்டிய வேகத்தில் அடியிலிருந்த களிமண் உடைந்து, இருந்த தண்ணீரும் பூமிக்குள் போய்ச் சேர்ந்தது. இப்போது மேல்குட்டையில் அவருடைய மைத்துனன் வைக்கோல் காய வைக்கிறான்.

அவர் கை படாமல் மிஞ்சியது நிலத்தின் கடைசியில் இருந்த கீழ்த்துண்டு ஒன்றுதான். நாணலும் கோரையுமாக முழங்கால் அளவு தண்ணீர். கொக்கு, நீர்க்கோழி, மீன்கொத்தி என்று என்னென்னவோ குடியிருந்தன. மேல்குட்டை போன பிறகு வீட்டுக் கிணறு ஊறுவதே அந்தத் தண்ணீரை நம்பித்தான்.

அதைத் திருத்தவேண்டும் என்று அவருக்கு ஆசை இல்லாமலில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எத்தனையோ முறை கிளம்பியிருக்கிறார். ஆனால் எப்போது கிளம்பினாலும் சமையலறையிலிருந்து, "என்னங்க, குழாய் ஒழுகுது!" என்று குரல் வரும். ஒழுகும் குழாயை விட்டுவிட்டுப் போக அவரால் முடியாது. அதை முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இப்படியே ஒன்பது வருடம் ஓடிப்போனது.

போன வாரம்தான் நில நீர்ப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து போன் வந்தது. சொந்த நிலத்தில், யாரும் சொல்லாமல், தானாக முன்வந்து இயற்கையைக் காப்பாற்றிய விவசாயி என்று அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். கமிட்டி வந்து பார்த்து, அங்கேயே விருது கொடுத்துவிட்டுப் போகுமாம்.

"எதுக்குங்க விருது?" என்று போனில் இரண்டு தடவை கேட்டார்.

"கீழ்த்துண்டுக்கு, ஐயா. அதுல நீங்க எதுவுமே செய்யாம விட்டு வெச்சீங்களே, அதுக்கு."

அன்று முதல் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"என்ன உலகம் இது?" என்று மனைவியிடம் பொருமினார். "கதவு செஞ்சேன், சிரிச்சாங்க. குட்டை வெட்டினேன், திட்டினாங்க. செஞ்சதுக்கெல்லாம் திட்டு, செய்யாததுக்கு மாலை! ஒரு மனுஷன் இதை எந்த முகத்த வெச்சுக்கிட்டு வாங்குவான்?"

"இருக்கிற முகத்த வெச்சுக்கிட்டு வாங்குங்க. வேற முகத்துக்கு எங்க போறது?"

"யாரு என் பேரச் சொல்லியிருப்பா? உன் தம்பியா?"

"அவனுக்கு உங்க மேல அவ்வளவு பாசம் எங்க இருக்குது?"

அதுவும் சரிதான் என்று விட்டுவிட்டார்.

ஆக, இன்று காலை சண்டைக்குக் காரணம் இதுதான். வெறும் கையோடு விருது வாங்க அவர் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. பெரிதாக ஒன்றும் வேண்டாம். கமிட்டி சேற்றில் வழுக்காமல் நடக்க ஒரு சின்னப் பலகைப் பாதை. அவ்வளவுதான். அதையாவது செய்தால் விருதில் அவர் பங்கு என்று ஒன்று இருக்கும்.

பலகைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கொல்லை வாசலைத் தாண்டினார்.

"என்னங்க!" சமையலறையிலிருந்து குரல் வந்தது. "குழாய் ஒழுகுது!"

அவர் நின்றார். கை தானாகப் பைக்குள் போய் ஸ்பேனரைத் தொட்டது. பிறகு என்ன நினைத்தாரோ, கையை வெளியே எடுத்தார்.

"ஒழுகட்டும். நாளைக்குப் பாத்துக்கலாம்."

மனைவி வாசலுக்கே ஓடி வந்துவிட்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு கலவரம்.

"நல்லா ஒழுகுதுங்க! கொட்டுது!"

"வாளிய வை."

ஒரு குழாய்க்கு இவ்வளவு பதற்றமா என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. நடந்தார்.

முதல் பலகையைப் போட்டார். அது மெல்ல, மரியாதையாக, சேற்றுக்குள் இறங்கி மறைந்தது. அதன் மேல் இரண்டாவதைப் போட்டார். அதுவும் அண்ணன் போன வழியிலேயே போனது. மூன்றாவதில் அவரே ஏறி நின்று அமுக்கிப் பார்த்தார். பலகையோடு அவரும் இடுப்பு வரை இறங்கினார்.

வேலிக்கு அந்தப் பக்கம் மைத்துனனின் நிலம். அவன் தன் வாத்துகளை ஓட்டிக்கொண்டு போனவன் எட்டிப் பார்த்தான்.

"என்ன அத்தான், நாத்து நடறீங்களா? உங்களையேவா?"

"கைய குடுடா!"

"அக்கா சொல்லிச்சு, நீங்க இந்தப் பக்கம் வந்தா உடனே வந்து சொல்லணும்னு."

"முதல்ல கைய குடு, அப்புறம் போய்க் கோள் சொல்லு!"

கரையேறி உட்கார்ந்து யோசித்ததில் அவருக்குக் காரணம் விளங்கியது. தண்ணீர்தான் தொல்லை. கொஞ்சமே கொஞ்சம் தண்ணீரை வெளியே எடுத்தால் தரை இறுகும், பலகை நிற்கும். விருது வாங்கியதும் திருப்பி விட்டுவிடலாம். இதில் என்ன தப்பு?

கொட்டகையில் அவரே திருத்தி வைத்திருந்த மோட்டார் இருந்தது. கடையில் வாங்கியபோது அது சாதாரண மோட்டார். இப்போது அது உறிஞ்ச ஆரம்பித்தால் நிறுத்துவது அதன் இஷ்டம். குழாயின் ஒரு முனையைக் கீழ்த்துண்டில் போட்டார். மறுமுனையை மேட்டில் ஏற்றி, வீட்டுக்கு வரும் வண்டிப் பாதையை ஒட்டிய வாய்க்காலில் விட்டார். மோட்டார் ஒரு தடவை இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது.

அது போட்ட சத்தத்தில் கொக்குகள் எல்லாம் ஒரே வீச்சில் எழும்பிப் போயின.

"போகட்டும், போகட்டும். சாயங்காலம் வந்துடும்" என்றார், யாரிடம் என்று தெரியாமல்.

பலகை நின்றது! ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக நின்றது. அவர் அதன்மேல் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து பார்த்தார். கமிட்டி நடப்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டும் ஒரு தடவை நடந்தார். அந்தச் சந்தோஷத்தில் வாய்க்காலை மறந்துவிட்டார்.

வாய்க்காலுக்குப் போன வருடம்தான் குப்பை விழாமல் இருக்க மூடி போட்டிருந்தார். குப்பை விழவில்லை. தண்ணீரும் போகவில்லை.

"என்னங்க!"

"குழாயா? நாளைக்குன்னு சொன்னேன்ல!"

"குழாய் இல்ல! முற்றத்துல மீன் ஓடுது!"

மோட்டாரை எப்படியோ அணைத்துவிட்டு ஓடிப் போய்ப் பார்த்தார். வண்டிப் பாதையைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் செம்மண் குழம்பு ஓடிக்கொண்டிருந்தது. அதில் கொஞ்சம் முற்றத்துக்கும் வந்து, துணி துவைக்கும் கல்லைச் சுற்றித் தேங்கியிருந்தது. அதில் விரல் நீள மீன்களும் தவளைக் குஞ்சுகளும் அங்குமிங்கும் அலைந்தன. மனைவி துடைப்பத்தை ஓங்கியபடி நின்றாள். அடிப்பது தண்ணீரையா, மீனையா, அவரையா என்று இன்னும் முடிவு செய்யாத நிலை.

"பயப்படாத. திருப்பி விட்டுடறேன்."

"விட்ட வரைக்கும் போதும்! எதையும் திருப்பாதீங்க! அப்படியே நில்லுங்க! என் கண்ணு முன்னால நில்லுங்க!"

நின்றிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

சேறான தண்ணீரைத் திருப்பி அனுப்பினால் மோட்டார் அடைத்துக்கொள்ளும். ஆகவே நல்ல தண்ணீர்தான் வேண்டும். நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது? மாடியில், தொட்டியில் இருக்கிறது. மனைவி முற்றத்தை வாரிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஏணி வைத்து ஏறினார், தொட்டியில் குழாயை மாட்டினார், கீழ்த்துண்டுக்குத் திறந்துவிட்டார். தொட்டி காலியானது. கீழ்த்துண்டில் போய்ப் பார்த்தார். யானைப் பசிக்குச் சோளப்பொரி. தரை ஒரு தடவை நாக்கை நனைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

வீட்டில் பாத்திரம் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. குழாய் ஒழுகுவது மட்டும் நின்றிருந்தது.

"பாத்தியா, ஒழுகல" என்று சொல்லிப் பார்த்தார்.

மனைவி துடைப்பத்தை மறுபடி ஓங்கினாள்.

விடிந்தது. எழுந்து முற்றத்துக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். பறந்து போன கொக்குகள் திரும்பி வந்திருந்தன. ஆனால் கீழ்த்துண்டுக்கு அல்ல. மீன் எங்கேயோ கொக்கு அங்கே. ஒன்று துவைக்கும் கல்லின் மேல் ஒற்றைக் காலில் தவம் செய்துகொண்டிருந்தது. இரண்டு தொழுவத்துக் கூரையில். ஒன்று கொடியில் காய்ந்த அவருடைய வேட்டியின் மேல் உட்கார்ந்து, அதை என்ன செய்திருந்தது என்பதை எழுத வேண்டியதில்லை.

"போ! உன் இடத்துக்குப் போ!" என்று துரத்தினார். கொக்கு ஒரு அடி நகர்ந்து மறுபடி நின்றது.

"இருந்துட்டுப் போகட்டும் விடுங்க" என்றாள் மனைவி, கிணற்றிலிருந்து வாளியில் இறைத்தபடி. வாளியில் பாதித் தண்ணீரும் மீதி மண்ணுமாக வந்தது. அதை அவர் முன்னால் வைத்தாள். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அந்த வாளியைப் பார்த்துக்கொண்டே நின்றார். மேல்குட்டை வற்றிய அன்றும் அவள் இப்படித்தான் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தாள். இப்போது இதுவும் போனால் கிணறு போகும். கிணறு போனால் மாடு போகும். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவன் என்று மைத்துனன் ஆயுசுக்கும் சொல்லிச் சிரிப்பான். அது பரவாயில்லை. அவள் சிரிக்காமல் இருப்பாளே, அதுதான் தாங்காது.

அந்த நேரம் பார்த்து வண்டிச் சத்தம் கேட்டது. பிறகு வண்டி நின்ற சத்தம் கேட்டது. பிறகு சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றுகிற சத்தம் கேட்டது.

"கமிட்டி வந்தாச்சு" என்றாள் மனைவி. "சேத்துல."

"நான் டிராக்டர எடுத்து..."

"தொடாதீங்க!"

அதற்குள் எடுத்துவிட்டார். டிராக்டர் ஜீப்புக்கு முன்னால் போய், அதற்குத் துணையாகத் தானும் புதைந்தது. கடைசியில் வேலி தாண்டி வந்த மைத்துனன்தான் ஒவ்வொருவராகக் கை கொடுத்து இறக்கினான்.

"பாத்து வாங்க, பாத்து வாங்க. இது எங்க அத்தான் கைவேலை. நேத்து வரைக்கும் இங்க ரோடு இருந்துச்சு."

கமிட்டி என்பது அதிகாரி அம்மாவும், கண்ணாடி போட்ட இரண்டு பேரும், பின்னால் ஒரு டிரைவரும். அதிகாரி அம்மா ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தாள். கண்ணாடிக்காரர்கள் போட்டிருக்கவில்லை, அது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

ஸ்பேனர்காரர் கும்பிட்டார். கையில் கிரீஸ், காலில் சேறு, தலையில் ஒரு கோரை.

"அம்மா, முதல்லயே ஒரு உண்மையச் சொல்லிடறேன். எனக்கு இந்த விருது வேண்டாம்."

"ஏன் ஐயா?"

"நான் அந்த இடத்துல ஒண்ணுமே செய்யல."

"அதுக்குத்தான் குடுக்கறோம்."

"இல்லம்மா. நேத்து வரைக்கும் செய்யல. நேத்து செஞ்சுட்டேன்." தலையிலிருந்த கோரையை எடுத்துக் கீழே போட்டார். "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துட்டேன். தண்ணியும் போச்சு, பறவையும் போச்சு."

அதிகாரி அம்மா துவைக்கும் கல்லைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள்.

"பறவை போகலையே. குடி மாறியிருக்குது, அவ்வளவுதான். வாங்க, இடத்தப் பாப்போம்."

எல்லோரும் கீழ்த்துண்டுக்கு நடந்தார்கள். ஸ்பேனர்காரர் கடைசியில், தூக்குக் கயிற்றுக்குப் போகிறவர்போல நடந்தார். கரையில் ஏறியதும் அதிகாரி அம்மா நின்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஐயா, தண்ணி போச்சுன்னு சொன்னீங்க?"

கண்ணைத் திறந்தார். தண்ணீர் இருந்தது. முழங்கால் அளவு இல்லை, கணுக்கால் அளவுதான். ஆனால் ராத்திரியெல்லாம் அடியிலிருந்து ஊறி, நாணலுக்கு நடுவே பளபளவென்று பரவியிருந்தது. அவர் போட்ட பலகைகளில் ஒன்றைக்கூடக் காணவில்லை. கோரைக்குள்ளிருந்து ஒரு நீர்க்கோழி, தன் குஞ்சுகளோடு, இவர்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் குறுக்கே நீந்திப் போனது.

"ஊறுதே!" என்றார். "நான் ஒண்ணுமே பண்ணலையே! எப்படி?"

"நீங்க ஒண்ணும் பண்ணாததாலதான்" என்றாள் அதிகாரி அம்மா. "இது தன்னத்தானே பாத்துக்கும். பத்து நாள் விடுங்க, பழையபடி ஆயிடும். ஒன்பது வருஷம் கை வைக்காம இருந்திருக்கீங்க. எத்தனையோ பேர் செய்யறத நாங்க பாத்திருக்கோம் ஐயா. செய்யாம இருக்கறது லேசு இல்ல. அதுவும் உங்களுக்கு."

கடைசி இரண்டு வார்த்தை அவர் காதில் சரியாக விழவில்லை. மனம் நிறைந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒருவர், அதுவும் பூட்ஸ் போட்ட ஒருவர், அவரை நிற்க வைத்துப் பாராட்டுகிறார்! மைத்துனன் வேலியோரம் வாயைப் பிளந்து நிற்கிறான். மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்கிறாள்.

"ஒரே ஒரு நிபந்தனை. இன்னும் பத்து வருஷத்துக்கு இதுல வெட்டக் கூடாது, தோண்டக் கூடாது, எந்தக் கருவியும் கொண்டு உள்ள வரக் கூடாது. சம்மதமா?"

அவர் பைக்குள் கை விட்டார். ஸ்பேனரை எடுத்தார். ஒரு கணம் தயங்கினார். பிறகு அதை மனைவியின் கையில் கொடுத்தார். அவள் அதை வாங்கிய வேகத்தைப் பார்த்தவர்கள், விருது அவளுக்குத்தான் கிடைத்தது என்று நினைத்திருப்பார்கள்.

"சம்மதம்."

கண்ணாடிக்காரர்கள் கைதட்டினார்கள். அதிகாரி அம்மா கேடயத்தைக் கொடுத்தாள். டிரைவர் சேற்றில் இறங்கி, கரையில் ஒரு கம்பம் நட்டு, பச்சை எழுத்துப் பலகை ஒன்றை மாட்டினான். 'பாதுகாக்கப்பட்ட இடம். வெட்டாதீர். தோண்டாதீர். திருத்தாதீர்.'

"பாத்தியாடா?" என்றார் ஸ்பேனர்காரர் மைத்துனனிடம். "நான் பாட்டுக்கு இருந்தேன். என் அருமை எங்கேயோ இருக்கிற ஆபீசுக்குத் தெரிஞ்சிருக்கு. தானா தேடிக்கிட்டு வந்திருக்காங்க."

"அதான் அத்தான் எனக்கும் புரியல."

"அம்மா, என்னைப் பத்தி உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"பரிந்துரை பண்ணவங்க பேர நாங்க சொல்றதில்லைங்க" என்று சிரித்துக்கொண்டே அதிகாரி அம்மா வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

முற்றத்துக்கு வந்தார்கள். கேடயத்தை எங்கே வைப்பது என்று அவர் யோசிக்கலானார். கூடத்தில் வைக்கலாம். அதற்கு ஒரு சின்னத் தட்டு அடிக்க வேண்டும். தட்டு அடிப்பதானால் சுவரைக் கொஞ்சம் துளைத்து, அப்படியே அந்தச் சமையலறைக் குழாயையும் இடம் மாற்றி... கை தானாகப் பைக்குள் போனது. பை காலி.

அப்போது டிரைவர் ஜீப்பிலிருந்து இன்னொரு பச்சைப் பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு, சேற்றில் தத்தித் தத்தி வந்தான். நேரே ஸ்பேனர்காரரைத் தாண்டிப் போய், அவர் மனைவியின் முன்னால் இறக்கி வைத்தான்.

"அம்மா, மனு குடுக்க வந்தப்பவே கேட்டீங்களே, இவர அந்தப் பக்கம் போக விடாம இருக்கக் குழாயத் தளர்த்தித் தளர்த்தியே கை ஓஞ்சு போச்சு, வீட்டுக்கும் ஒரு பலகை தனியா வேணும்னு... இத சமையலறையில எந்தச் சுவத்துல மாட்டட்டும்?"